நூலும் நாரும்: ஒரு முழங்கால் வரலாறு

திருப்பூர், அவிநாசி, பல்லடம் வட்டாரத்தில் 'முட்டியில் ஜவ்வு கிழிந்துவிட்டது' என்ற தொடர் புழங்காத தெரு அரிது. கபடி ஆடிய பையன், சாயப்பட்டறையின் ஈரத்தரையில் வழுக்கியவர், இரவுப்பணி முடிந்து வண்டியில் திரும்புகையில் விழுந்தவர் என எவருக்கு நேர்ந்தாலும் சொல் ஒன்றுதான். சொல்பவரின் குரலில் உள்ள கேள்வியும் ஒன்றுதான்: 'ஆபரேசன் செய்ய வேண்டுமா, கட்டுப் போட்டால் போதுமா?' இந்தக் கேள்விக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் நடுவே நூலும் பின்னலும் வந்துபோவதால், நூலை நம்பி வாழும் இவ்வட்டாரத்தார் அதை அறிந்துகொள்வது பொருத்தமானது என்று கருதுகிறோம்.

சொல்லிலிருந்து தொடங்குவோம்

'ஜவ்வு' என்றால் மெல்லிய சவ்வு, இழுத்தால் நீள்வது. மக்கள் வழக்கில் இச்சொல் முழங்காலின் இரு வேறு உறுப்புகளைக் குறிக்கிறது. ஒன்று, எலும்பையும் எலும்பையும் பிணைக்கும் தசைநார். மற்றொன்று, தொடை எலும்புக்கும் கணைக்கால் எலும்புக்கும் இடையே பிறைநிலா வடிவில் மெத்தைபோல் அமைந்திருக்கும் குருத்தெலும்புத் தட்டு. முன்னது கயிறு, பின்னது மெத்தை. கயிறு அறுவதும் மெத்தை கிழிவதும் வேறு வேறு நோய்கள், மருத்துவமும் வேறு. இரண்டையும் ஒரே சொல்லால் சுட்டும்போது, ஒருவருக்குப் பலித்த வைத்தியம் இன்னொருவருக்கு ஏன் பலிக்கவில்லை என்பது விளங்காமல் போகிறது.

பழந்தமிழில் 'நரம்பு' என்ற சொல்லும் இவ்வாறே பல பொருள் சுமந்தது. யாழின் தந்தியும் நரம்பு, உடலின் நாளமும் நரம்பு, தசையை இழுக்கும் நாணும் நரம்பு. கிரேக்கரின் 'நியூரான்' என்ற சொல்லும் தொடக்கத்தில் தசைநாணையும் வில்லின் நாணையும்தான் குறித்தது. உணர்வைக் கடத்தும் நரம்பு என்ற பொருள் பின்னரே வந்தது. முறுக்கேறிய இழை ஒன்றைக் கண்டால் அதற்கு ஒரே பெயரிடுவது மனித இயல்பு போலும். இக்கட்டுரையில் எலும்போடு எலும்பைப் பிணைப்பதைத் 'தசைநார்' என்றும், தசையை எலும்போடு பிணைப்பதைத் 'தசைநாண்' என்றும் வழங்குவோம்.

படகின் கயிறுகள்

வடமொழி மருத்துவ நூலான சுசுருத சம்கிதை, உடலில் 900 'ஸ்நாயு'க்கள் உண்டென்றும் அவற்றுள் 600 கைகால்களில் உள்ளன என்றும் கணக்கிடுகிறது. எண்ணிக்கையைக் காட்டிலும் அது தரும் உவமை நுட்பமானது. பலகைகளைப் பல கட்டுகளால் பிணைத்த படகு எவ்வாறு சுமை தாங்கி நீரில் செல்கிறதோ, அவ்வாறே மூட்டுகள் ஸ்நாயுக்களால் பிணைக்கப்பட்டு உடல் சுமை தாங்குகிறது என்கிறது அந்நூல். எலும்போ தசையோ கெடுவதைவிட ஸ்நாயு கெடுவது கூடுதல் தீங்கு என்றும் எச்சரிக்கிறது. மேற்கே, கிளாடியேட்டர் என்னும் களப்போராளிகளுக்கு மருத்துவராக இருந்த காலன், கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலேயே இப்பிணைப்புகள் மூட்டை நிலைநிறுத்துபவை என்று எழுதினார்.

முழங்காலில் இத்தகைய முதன்மைக் கயிறுகள் நான்கு. உட்பக்கத்தில் ஒன்று, வெளிப்பக்கத்தில் ஒன்று. மூட்டின் நடுவே பெருக்கல் குறிபோல் ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்பவை இரண்டு. குறுக்கே செல்லும் இவ்விரண்டையும் சிலுவைத் தசைநார்கள் என்பர். முன்னது கணைக்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமலும் உடல் திரும்பும்போது மூட்டு முறுக்கிக்கொள்ளாமலும் காக்கிறது. பின்னது எலும்பு பின்னோக்கி நழுவாமல் காக்கிறது. அதிகம் பேசப்படுவது முன் சிலுவைத் தசைநாரே. அதன் நீளம் சற்றேறக்குறைய மூன்றரை சென்டிமீட்டர். தடிமன் சுண்டுவிரல் அளவு. இவ்வளவு சிறிய நார், இளைஞர் ஒருவரின் முழங்காலில் 2,000 நியூட்டனுக்கும் மேற்பட்ட இழுவிசையைத் தாங்கும் என்று 1991இல் வெளிவந்த ஓர் ஆய்வு அளந்து காட்டியது. இருநூறு கிலோவுக்கு மேற்பட்ட எடையைத் தொங்கவிடுவதற்கு ஒப்பானது அது.

இத்துணை வலிமையுள்ள நார் பெரும்பாலும் யாரும் மோதாமலேயே அறுகிறது. ஓடிவந்தவர் பாதத்தைத் தரையில் ஊன்றியபடி உடலைத் திருப்புகிறார். பாதம் நின்றுவிட, உடல் சுழல்கிறது. அந்த முறுக்கில் நார் அறுகிறது. 'டப்' என்று ஓசை கேட்டதாகப் பலர் சொல்வர். சில மணி நேரத்தில் மூட்டுக்குள் இரத்தம் கசிந்து முட்டி வீங்கும். நம் நாட்டிலோ ஆடுகளத்தோடு இருசக்கர வாகன விபத்தும் இதற்குப் பெருங்காரணம்.

சுரங்கத் தொழிலாளியின் முழங்கால்

1836இல் ஜெர்மனியின் வில்ஹெல்ம் வேபர், எட்வர்ட் வேபர் சகோதரர்கள் மனித நடையின் இயக்கவியல் பற்றி ஒரு நூல் வெளியிட்டனர். சிலுவைத் தசைநாரை அறுத்தால் எலும்பு எவ்வாறு நழுவுகிறது என்பதைச் சோதனை வழியே கண்டவர்கள் அவர்கள். 1850இல் எடின்பரோவின் ஜேம்ஸ் ஸ்டார்க், தசைநார் அறுந்த இருவரைக் கட்டுப் போட்டு அசையாமல் வைத்துக் குணப்படுத்த முயன்றதைப் பதிவு செய்தார். 1875இல் நூலிஸ் என்ற கிரேக்க மருத்துவர், முழங்காலைச் சற்றே மடக்கிக் கணைக்காலை முன்னே இழுத்துப் பார்க்கும் சோதனையைத் தம் பாரிஸ் ஆய்வேட்டில் விவரித்தார். ஒரு நூற்றாண்டு கழித்து, 1976இல், அதே சோதனை லாக்மன் என்ற அமெரிக்கப் பேராசிரியரின் பெயரால் பரவலாயிற்று. இன்றும் தேர்ந்த மருத்துவர் ஒருவர் எந்தக் கருவியுமின்றி, தம் இரு கைகளால் இந்நோயைப் பெரும்பாலும் கண்டுகொள்வார். எம்.ஆர்.ஐ. படம் அதை உறுதி செய்யவும், குருத்தெலும்பும் சேர்ந்து கிழிந்துள்ளதா என்று அறியவும் உதவுகிறது.

அறுந்த நாரைத் தைத்த தொடக்கக்கால அறுவைகளுள் நன்கு அறியப்பட்டது இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1895இல் நடந்தது. செய்தவர் மேயோ ராப்சன். நோயாளி 41 வயதான சுரங்கத் தொழிலாளி. சுரங்கத்தில் நேர்ந்த விபத்தில் அவருடைய சிலுவைத் தசைநார்கள் இரண்டும் அறுந்திருந்தன. மாதக்கணக்கில் நடை தடுமாறியவர். ராப்சன் மூட்டைத் திறந்து, விலங்குக் குடலால் ஆன நூல்கொண்டு இரண்டையும் தைத்தார். ஆறு ஆண்டுகளுக்குப் பின் அம்மனிதர் நன்றாக நடமாடி வந்தார். 1903இல் ராப்சன் இதை வெளியிட்டார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த அறுவையின் வரலாறு விளையாட்டு வீரரோடு தொடங்கவில்லை, உழைப்பாளியோடு தொடங்குகிறது. லீட்ஸ் கம்பளித் துணிக்குப் பெயர்பெற்ற ஆலை நகரம். சுற்றிலும் நிலக்கரிச் சுரங்கங்கள். அந்த மருத்துவர் எதிர்கொண்ட கேள்வி, 'இவர் மறுபடி ஆடுவாரா?' என்பதன்று, 'இவர் மறுபடி வேலைக்குப் போவாரா?' என்பதே. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இக்கேள்வி மாறிப்போயிற்று. அந்த மாற்றத்தைப் பற்றிப் பின்னர் பேசுவோம்.

பட்டும் பாலியெஸ்டரும்

அறுந்த சிலுவைத் தசைநாரின் முனைகள் துடைப்பக்குச்சிபோல் பிரிந்து கிடக்கும். தைத்தாலும் அது பெரும்பாலும் ஒட்டுவதில்லை. மூட்டுக்குள் எப்போதும் சுரந்துகொண்டிருக்கும் நீர், ஒட்டுவதற்கு வேண்டிய இரத்த உறைவு தங்கவிடாமல் கரைத்துவிடுகிறது. ஆகவே தைப்பதைவிட வேறு நாரைப் பொருத்துவதே வழி என்ற எண்ணம் பிறந்தது.

எந்த நாரைப் பொருத்துவது? இரு விடைகள் தோன்றின. முதல் விடை, மனிதன் செய்த நூல். 1903இல் மியூனிக் நகரின் ஃப்ரிட்ஸ் லாங்கே பட்டு நூலைத் தசைநாருக்கு மாற்றாகப் பயன்படுத்தினார். இரண்டாவது விடை, நோயாளியின் உடலிலேயே வேறிடத்திலிருந்து எடுத்த நார். 1917இல் பிரிஸ்டலின் ஹே க்ரோவ்ஸ், தொடையின் வெளிப்புறத்தில் உள்ள உறுதியான திசுப்பட்டையிலிருந்து ஒரு கீற்றை எடுத்து, எலும்பில் துளையிட்டு அதன் வழியே செலுத்தினார். 1920இல் 14 நோயாளிகளைப் பற்றி எழுதினார். இன்றைய அறுவையின் அடிப்படை வடிவம் அதுவே. 1939இல் மேசி தொடையின் பின்புறத் தசைநாணையும், 1963இல் கென்னத் ஜோன்ஸ் முட்டிச்சில்லின் கீழுள்ள நாணின் ஒரு கீற்றையும் பயன்படுத்தினர். இன்று உலகெங்கும் மிகுதியாகக் கையாளப்படுபவை இவ்விரண்டே. பின்புறத் தசைநாண்களை எடுக்கும்போது அவற்றை இரண்டாக மடித்து நான்கு புரியாக்குகிறார்கள். ஒற்றை இழையைவிட முறுக்கிய புரி வலிது என்பதை நூற்பாலைத் தொழிலாளிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆயினும் முதல் விடையின் கவர்ச்சி ஓயவில்லை. உடலிலிருந்து நாணை எடுப்பதால் எடுத்த இடம் பலவீனமடைகிறது. செய்த நூலென்றால் அந்த இழப்பு இல்லை. காலை விரைவில் ஊன்றலாம். எனவே 1970களிலும் 1980களிலும் துணித் தொழில்நுட்பம் முழங்காலுக்குள் புகுந்தது. கார்டிஃபில் ஜென்கின்ஸ் கரிம இழையைப் பயன்படுத்தினார். கனடாவின் கென்னடி பாலிப்ரொப்பிலீன் பின்னலை நோயாளியின் திசுவோடு துணையாகச் சேர்த்தார். மழைச்சட்டைகளால் நாமறிந்த கோர்-டெக்ஸின் மூலப்பொருளால் ஆன செயற்கை நாருக்கு 1986இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது. 1982 முதல், ராப்சனின் அதே லீட்ஸ் நகரின் பல்கலைக்கழகமும் ஜப்பானின் கெய்யோ பல்கலைக்கழகமும் இணைந்து உருவாக்கிய 'லீட்ஸ்-கெய்யோ' நார் பயன்பாட்டுக்கு வந்தது. அது பாலியெஸ்டர் வலைப்பின்னல். வலையின் கண்களுக்குள் உடலின் திசு வளர்ந்து நிரம்பும் என்பது எதிர்பார்ப்பு.

எதிர்பார்ப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. கரிம இழை பொடிந்து மூட்டுக்குள் கரித்துகள் படிந்தது. கோர்-டெக்ஸ் நார்கள் சில ஆண்டுகளில் தளர்ந்தும் அறுந்தும் போயின. மூட்டில் நீர் கோத்தது. 1993இல் அது சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. லீட்ஸ்-கெய்யோவிலும் ஆண்டுகள் செல்லச் செல்ல அறுந்தவை மிகுந்தன. பிரான்சில் உருவான லார்ஸ் என்ற பாலியெஸ்டர் நார் போன்ற சில, வரம்புக்குட்பட்டுப் பயன்பாட்டில் தொடர்கின்றன. ஏனையவை பெரிதும் வரலாறாகிவிட்டன.

ஏன் தோற்றன? நூலின் வலிமை போதாமையால் அன்று. பொருத்திய அன்று பல செயற்கை நார்கள் இயற்கை நாரைவிட வலியனவாகவே இருந்தன. ஆனால் முழங்கால் ஆண்டுக்குப் பல இலட்சம் முறை மடங்கி நீள்கிறது. எலும்புத் துளையின் விளிம்பில் நூல் ஒவ்வொரு முறையும் உரசுகிறது. புதிய உள்ளாடையின் இடுப்பு எலாஸ்டிக் எவ்வளவு உறுதியாயினும் நூறு சலவைக்குப் பின் என்னாகும் என்பது திருப்பூர் அறிந்த செய்தி. இயற்கை நார் தேயும்போதே தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. செய்த நூலுக்கு அந்த வரம் இல்லை.

அந்த வரத்தை நூலுக்கு அளிக்க முடியுமா என்பதே அண்மைக்கால முயற்சி. 2002இல் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தார், திசு வளர்வதற்கான சாரமாகப் பட்டு நூலை முன்மொழிந்தனர். 2009இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பின்னிய பட்டு வலையில் குருத்தணுக்களை ஏற்றிப் பன்றிகளின் முழங்காலில் பொருத்தியதன் முடிவுகளை வெளியிட்டனர். கட்டடம் எழும்வரை நிற்கும் சாரம்போல், திசு வளரும்வரை பட்டு நின்று பின் மெல்லக் கரைய வேண்டும் என்பது கருத்து. அறுந்த முனைகளுக்கிடையே கொலாஜன் பஞ்சைப் பாலமாக வைத்துத் தைக்கும் முறைக்கு 2020இல் அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது. கோயம்புத்தூரில் 1956இல் தொடங்கப்பட்ட தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகத்தில் இன்று மருத்துவத் துணிகளுக்கென்றே ஒரு சிறப்பு மையம் இயங்குகிறது. நூலும் நாரும் சந்திக்கும் இடம் நமக்கு அயலானது அன்று.

கொல்லிமலையிலிருந்து வேலூருக்கு

ஓரிடத்துத் தசைநாணை எடுத்து வேறிடத்தில் வேலை செய்ய வைக்கும் கலையில் தமிழகத்துக்கு ஓர் உயர்ந்த இடம் உண்டு. கொல்லிமலையில் பணியாற்றிய சமயப் பணியாளர் குடும்பத்தில் 1914இல் பிறந்த பால் பிராண்ட், இலண்டனில் மருத்துவம் பயின்று 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் விரல்கள் மடங்கிப்போனவர்களின் கைகளில், செயலற்ற தசையின் வேலையைச் செயலுள்ள தசையிடம் ஒப்படைக்கும் அறுவைகளை 1940களின் இறுதியில் தொடங்கினார். நாண் நீளம் போதாதபோது காலிலிருந்து மெல்லிய நாணை எடுத்து ஒட்டுப்போட்டார்.

அவர் கற்றுத்தந்த பாடம் அறுவை முறையோடு நிற்கவில்லை. அறுவைக்குப் பின் அந்தக் கைக்குப் பயிற்சி வேண்டும். பயிற்சிக்குப் பின் அந்தக் கை சோறு சம்பாதிக்க வேண்டும். வேலூரில் எழுந்த நவஜீவ நிலையத்தில் நோயாளிகள் தச்சு முதலிய தொழில்கள் கற்றனர். அதே கல்லூரியில் மருத்துவர் மேரி வர்கீஸ், 1954இல் விபத்தொன்றால் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தபின், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் மறுவாழ்வு மருத்துவம் பயின்று 1960களில் அதற்கெனத் தனித்துறையும் நிலையமும் உருவாக வழிவகுத்தார். அறுவை பாதி, பயிற்சி பாதி என்பதைத் தம் உடலாலேயே மெய்ப்பித்தவர் அவர்.

டோக்கியோவில் ஒரு சிறு துளை

அறுவையின் தழும்பைச் சுருக்கியவர்கள் ஜப்பானியர். தரையில் முழந்தாளிட்டு அமரும் பண்பாட்டில், காசநோயால் முழங்கால் விறைத்துப்போவது பெருந்துன்பம். அதைத் தொடக்கத்திலேயே கண்டறிய விரும்பிய கென்ஜி தாகாகி, 1918இல் டோக்கியோவில், சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழாயை ஒரு சடலத்தின் முழங்காலுக்குள் செலுத்திப் பார்த்தார். அவருடைய மாணவர் மசாகி வதனாபே கருவியைச் செம்மை செய்து, 1962இல் கிழிந்த பிறைத்தட்டின் பகுதியை அதன்வழியே அகற்றினார். 1980இல் இங்கிலாந்தின் டேவிட் டான்டி முன் சிலுவைத் தசைநார்ச் சீரமைப்பையே இவ்வழியில் செய்தார். இன்று 'லேப்ராஸ்கோப்பி மாதிரி முட்டிக்கும் உண்டு' என்று மக்கள் சொல்லும் மூட்டு அகநோக்கி இதுவே. தரையில் அமரத் துடித்த மனிதர்களுக்காகப் பிறந்த கருவி என்பது, சம்மணமிட்டு உண்ணும் நமக்கு நினைவிருக்க வேண்டும்.

யாருக்கு எந்த வழி?

பொதுவாக வழிகள் மூன்று. முதலாவது, அறுவையின்றி முறையான உடற்பயிற்சி. உட்பக்கத் தசைநார் மட்டும் கிழிந்திருந்தால், தாங்குபட்டை அணிந்து பயிற்சி செய்தாலே அநேகமாக ஒட்டிவிடும். முன் சிலுவைத் தசைநார் அறுந்தவர்களிலும் ஒரு பகுதியினர், தொடைத் தசைகளை வலுப்படுத்தி நன்றாக வாழ்கின்றனர். 2010இல் வெளிவந்த சுவீடன் ஆய்வு ஒன்று இதைத் தெளிவாக்கியது. இளம் வயதினர் 121 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உடனே அறுவையும் பயிற்சியும், மறு பிரிவுக்குப் பயிற்சியும், தேவைப்பட்டால் மட்டும் பின்னர் அறுவையும் என்று வகுத்தனர். இரண்டாண்டு முடிவில் இரு பிரிவினரின் நிலையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. ஐந்தாண்டு முடிவில் மறு பிரிவின் 59 பேரில் 30 பேர் அறுவை செய்துகொண்டிருந்தனர். ஏறத்தாழப் பாதிப்பேருக்குத் தேவைப்படவில்லை.

இரண்டாவது, சீரமைப்பு அறுவை. பயிற்சிக்குப் பின்னும் முட்டி நழுவிக்கொண்டேயிருந்தால், பல நார்கள் ஒருங்கே அறுந்திருந்தால், தைக்கத்தக்க பிறைத்தட்டுக் கிழிவும் உடனிருந்தால், திரும்பித் திரும்பி ஓடும் ஆட்டத்துக்கோ கடினத் தொழிலுக்கோ திரும்ப வேண்டியிருந்தால் இதுவே பொருத்தம். காயம் ஆறி நாளான பின்னும் முட்டி நிலையின்றித் தவிப்போர் 316 பேரிடம் பிரிட்டனில் நடந்து 2022இல் வெளிவந்த ஆய்வில், அறுவை செய்துகொண்டோர் நிலை மேலாக இருந்தது. இரு ஆய்வுகளும் முரண்படவில்லை. புதிய காயத்துக்கு அவசரம் வேண்டாம் என்கிறது ஒன்று. நழுவும் முட்டியோடு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டாம் என்கிறது மற்றொன்று. நழுவும் ஒவ்வொரு முறையும் பிறைத்தட்டு நசுங்குகிறது. அதே நேரம், அறுவை செய்துகொண்டால் பிற்காலத்தில் மூட்டுத் தேய்வு வரவே வராது என்று எவரும் உறுதி தர இயலாது.

மூன்றாவது, இன்னும் ஆய்வு நிலையில் உள்ள வழி. காயம்பட்ட சில நாட்களுக்குள் முழங்காலை 90 பாகையில் மடக்கி நான்கு வாரம் பட்டையிட்டு, பின் படிப்படியாக நீட்டும் முறையை ஆஸ்திரேலியர் 2023இல் வெளியிட்டனர். 80 பேரில் பத்துக்கு ஒன்பது பேரிடம் நார் ஒட்டிவருவதற்கான அறிகுறி மூன்று மாதப் படத்தில் தெரிந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு பிரிவு அதில் இல்லை. ஆகவே நம்பிக்கையோடும் ஐயத்தோடும் நோக்க வேண்டியது.

நாட்டுக்கட்டு பற்றியும் சொல்ல வேண்டும். ஆந்திரத்தின் புத்தூர்க் கட்டுக்குத் தமிழகத்தில் உள்ள மதிப்பை நாம் அறிவோம். எலும்பு தானே கூடும் இயல்புடையது. தசைநார்க் காயத்தில் வலியும் வீக்கமும் எந்த வைத்தியமும் இன்றியே சில வாரங்களில் தணியும். அந்நேரத்தில் செய்த எதுவும் பலித்ததாகவே தோன்றும். வலி தணிந்தது வேறு, நார் கூடியது வேறு. படியிறங்கும்போது முட்டி நழுவுகிறதா என்பதே உரைகல். விபத்துக்குப் பின் முழங்கால் முழுவதும் விலகி, பாதம் குளிர்ந்து வெளிறினால் அது முழங்காலின் பின்னுள்ள பெருநாளம் சிதைந்ததன் அறிகுறியாகலாம். அங்கே கட்டுக்கும் தைலத்துக்கும் இடமில்லை. சில மணி நேரத்தில் அறுவை அரங்கை அடைய வேண்டும்.

கட்டு இறுகினால் என்னவாகும் என்பதைத் தமிழகம் 2022 நவம்பரில் கண்ணீரோடு கற்றது. சென்னையைச் சேர்ந்த 17 வயதுக் கல்லூரி மாணவி, கால்பந்து வீராங்கனை, முழங்கால் தசைநார்ச் சிகிச்சைக்கென அரசு மருத்துவமனை ஒன்றில் அறுவை செய்துகொண்டார். அறுவைக்குப் பின் போடப்பட்ட இறுக்கக் கட்டால் இரத்த ஓட்டம் தடைப்பட்டது. காலை அகற்றியும் உயிரைக் காக்க இயலவில்லை. இதிலிருந்து அறுவையே ஆபத்து என்று முடிவு கட்டுவது சரியன்று. ஆயிரக்கணக்கானோர் நலமுடன் வீடு திரும்பும் அறுவை இது. ஆனால் அறுவைக்குப் பின் தாளாத வலி கூடிக்கொண்டே போனால், விரல்கள் மரத்தால், நிறம் மாறினால், 'வலி அப்படித்தான் இருக்கும்' என்ற விடையோடு யாரும் அமைதியடையக் கூடாது. கட்டைத் தளர்த்திப் பார்க்கச் சொல்லும் உரிமை நோயாளிக்கும் உடனிருப்போருக்கும் உண்டு.

ஒன்பது மாதம் யாரிடம் இருக்கிறது?

பொருத்திய நாண் உடனே நாராகிவிடுவதில்லை. முதலில் இரத்த ஓட்டமிழந்து நலிகிறது. பிறகு புதிய நாளங்கள் ஊடுருவி, மெல்ல மெல்லத் தசைநாரின் இயல்பைப் பெறுகிறது. இதற்கு ஓராண்டும் அதற்கு மேலும் ஆகலாம். 2016இல் வெளிவந்த நார்வே-அமெரிக்க ஆய்வு, ஒன்பது மாதம் வரை ஆட்டத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறுகாய வாய்ப்பைப் பாதியளவு குறைப்பதாகக் கண்டது. 2022 டிசம்பர் இறுதியில் கார் விபத்தில் முழங்கால் தசைநார்கள் சிதைந்த கிரிக்கெட் வீரர் ரிஷப் பந்த், 2023 ஜனவரியில் மும்பையில் அறுவை செய்துகொண்டு, 2024 மார்ச்சில்தான் களம் திரும்பினார். பதினான்கு மாதங்களுக்கு மேல். அவருக்குப் பின்னே கிரிக்கெட் வாரியமும் பயிற்சியாளர்களும் இருந்தனர்.

பவர் டேபிளில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கு, நாள் முழுதும் நின்றபடி அயர்ன் செய்பவருக்கு, துணி உருளைகளைத் தோளில் ஏற்றுபவருக்குப் பின்னே யார் இருக்கிறார்கள்? இங்கேதான் முன்பு சொன்ன மாற்றம் உறைக்கிறது. இன்றைய ஆய்வுகள் பெரும்பாலும் 'ஆட்டத்துக்குத் திரும்புதல்' என்பதையே அளவுகோலாகக் கொள்கின்றன. குத்தவைத்தல், சம்மணமிடுதல், சுமையோடு படியேறுதல், ஈரத்தரையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்றல் ஆகியவற்றுக்குத் திரும்புதல் அவ்வளவாக அளக்கப்படவில்லை. ராப்சனின் சுரங்கத் தொழிலாளி இலக்கியத்திலிருந்து மறைந்துவிட்டார்.

தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டம் 1955இல் தமிழகத்தில் முதன்முதலாகக் கோயம்புத்தூரில்தான் தொடங்கிற்று. ஆலைத் தொழிலாளரின் வட்டாரம் என்பதே காரணம். அதன் நோய்க்கால உதவி, ஊதியத்தில் 70 விழுக்காடு வீதம், ஆண்டுக்கு 91 நாட்கள். ஒன்பது மாதத்தில் அது மூன்றிலொரு பங்கு. ஆனால் காயம் பணியின் காரணமாக நேர்ந்தது என்று ஏற்கப்பட்டால், தற்காலிக இயலாமைக் காலம் முழுமைக்கும் 90 விழுக்காடு உண்டு. வீட்டிலிருந்து பணியிடத்துக்குச் செல்லும் வழியில் நேரும் விபத்தும், பணியோடு தொடர்பு நிறுவப்பட்டால், பணிக்காயமாகவே கருதப்படும் என்று 2010ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்தது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதைத் தக்கவைத்துக்கொண்டது. இரவு ஷிப்ட் முடிந்து வண்டியில் விழுந்தவருக்கு இந்த ஒரு வரி எத்தனை மாத அரிசி என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆனால் திட்டத்தில் பெயர் பதிவாகாத ஒப்பந்தத் தொழிலாளிக்கு 70உம் இல்லை, 90உம் இல்லை.

மருத்துவ அறிவு இவ்வட்டாரத்துக்குக் குறைவில்லை. 1978இல் தொடங்கப்பட்ட கோவை கங்கா மருத்துவமனை, கணைக்கால் எலும்பின் திறந்த முறிவுகளில் காலைக் காப்பாற்ற முடியுமா என்று மதிப்பிட ஓர் அளவுகோலை வகுத்து 2006இல் வெளியிட்டது. அது உலக எலும்பியல் இலக்கியத்தில் அம்மருத்துவமனையின் பெயராலேயே வழங்குகிறது. திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. குறைவது காலம். கூலி இழக்காமல் பயிற்சிக்குப் போக வாரத்தில் மூன்று மாலை வேண்டும். பயிற்சி முடியும்வரை உட்கார்ந்து செய்யும் செக்கிங், கைமடித்தல் போன்ற வேலைக்கு மாற்றித்தரும் மனம் கம்பெனிக்கு வேண்டும். நன்றாகச் செய்த அறுவையும் பயிற்சியின்றிப் பாழாகும். முறையான பயிற்சியால் அறுவையே தேவைப்படாமலும் போகலாம்.

நூறாண்டுக்கு மேலாக மருத்துவர்கள் வலிய நூலைத் தேடினார்கள். குடல்நூல், பட்டு, கரிமம், பாலியெஸ்டர் என ஒவ்வொன்றாகச் சோதித்து, இறுதியில் நோயாளியின் சொந்த நாணுக்கும் அது ஊன்றுவதற்கான காலத்துக்கும் வந்து சேர்ந்தார்கள். நாண் அவரவர் உடலில் இருக்கிறது. காலத்தைத் தர வேண்டியவர்கள் நாம்: முதலாளியாக, மேற்பார்வையாளராக, தொழிற்சங்கமாக, குடும்பமாக. 'எப்போது வேலைக்கு வருவாய்?' என்று கேட்பதற்கு முன், 'பயிற்சிக்குப் போகிறாயா?' என்று கேட்கும் ஊராகத் திருப்பூர் இருக்குமானால், அறுந்த நார்களில் பாதி இங்கேயே கூடிவிடும்.